செத்தபின் ஒரு சிரிப்பு

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் காசிநாதனோடு டீ குடிக்க நின்றால் டீ ஆறிப்போகும். யாராவது ஒருவர் கிட்டே வந்து அவர் முகத்தை உற்றுப் பார்ப்பார்.

“ஐயா, நீங்க அந்த சாயந்தர சீரியல்ல செத்தவருதானே?”

“ஆமாங்க” என்று இவர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டுக் கும்பிடுவார்.

“நல்லா செத்தீங்க. எங்க வூட்ல அன்னைக்கு யாரும் சோறே திங்கல” என்று சொல்லிவிட்டு வந்தவர் சேலம் பஸ்ஸைப் பிடிக்க ஓடுவார். பெயர் கேட்டவர் ஒருவர்கூடக் கிடையாது. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். காசிநாதனுக்குக் கோபமே வராது. “நல்லா செத்தேன்னு சொல்றாங்களே தம்பி, அது பத்தாதா?” என்பார். பத்தாது என்று நான் சொல்வேன். அதைக் கேட்டுச் சிரிப்பார்.

நான் துருகம் ரோட்டில் ஃப்ளெக்ஸ் அடிக்கும் கடை வைத்திருக்கிறேன். காதுகுத்து, கட்சிக் கூட்டம், கண்ணீர் அஞ்சலி எல்லாம் ஒரே மெஷினில்தான். சென்னையில் சீரியல் மேனேஜர்களிடம் கொடுப்பதற்காகத் தன் போட்டோவைப் பிரிண்ட் போட வந்தவர், பிறகு போட்டோ வேலை இல்லாவிட்டாலும் வந்து உட்கார ஆரம்பித்தார். நான் அவரை அண்ணே என்பேன். அவர் கதை எனக்குத் தெரிந்த அளவுக்கு இந்த ஊரில் வேறு யாருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள யாரும் முயன்றதும் இல்லை.

பிறந்தது களமருதூர். சொந்தமாக ஒரு வரப்புகூட இல்லாத குடும்பம். அறுப்புக்கும் நடவுக்கும் போய்க்கொண்டிருந்தவர், திருவிழாக்களில் சமூக நாடகம் போடும் ஒரு குழுவில் திரை இழுக்கச் சேர்ந்தார். இருபது வயதிலேயே தலை நரைத்து, கன்னம் ஒட்டிப் போயிருந்ததால் அப்பா வேஷம் தானாக வந்து சேர்ந்தது. அவரைவிட மூத்த ஆட்கள் எல்லாம் மேடையில் அவருக்குப் பிள்ளைகள். எந்த நாடகமாக இருந்தாலும் மூன்றாவது காட்சியில் அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாக வேண்டும். அப்போதுதான் கதாநாயகனுக்கு ரோஷம் வரும்.

அப்படி ஒரு திருவிழாவில் அவர் சாவதைப் பார்த்து ஒரு பெண் தேம்பித் தேம்பி அழுதிருக்கிறாள். கூட வந்தவர்கள் கிளம்பியும் அவள் அசையவில்லை. கடைசியில் மங்களம் பாடும்போது செத்தவரும் எழுந்து வந்து எல்லோரோடும் வரிசையில் நின்று கும்பிட்டார். அதைப் பார்த்த பிறகுதான் முந்தானையை உதறிக்கொண்டு எழுந்தாள். அவள்தான் ராஜாம்பாள். அடுத்த வைகாசியில் அவளையே கட்டிக்கொண்டார்.

நாடகத்திலிருந்து சென்னைக்குப் போனது ஆசையால்தான். உளுந்தூர்பேட்டையில் பஸ் ஏறினால் விடியும்போது கோயம்பேடு. கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்கி, கடைசியில் சீரியலுக்கு ஆள் அனுப்பும் வெற்றிவேல் என்ற மேனேஜர் முன்னால் நின்றார். “இன்னா பண்ணுவ?” என்று அவன் தலை நிமிராமல் கேட்டிருக்கிறான். “அப்பா வேஷம் சார். நல்லா சாவேன்” என்று இவர் சொல்லிவிட்டார். அந்த ஒரு வாக்கியத்தை எத்தனையோ நாள் நொந்துகொண்டிருக்கிறார். அதன்பிறகு யாரும் அவரை வேறெதற்கும் கூப்பிடவில்லை. போலீஸ்காரர், தபால்காரர், பெண்ணுக்கு அப்பா என்று எப்போதாவது நாலு வார்த்தை பேச விடுவார்கள். அந்தக் குரலும் அவருடையதாக இருக்காது. டப்பிங்கில் வேறு யாரோ பேசியிருப்பார்கள்.

பிணமாக நடிப்பது சுலபம் என்று நினைப்பவர்கள் ஒரு நாள் படுத்துப் பார்க்கட்டும். மூக்கில் பஞ்சு, தாடையில் கட்டு, கால் கட்டைவிரல்களில் கட்டு. மார்பு ஏறி இறங்கக் கூடாது. மாலையின் மறைவில் அடிவயிற்றால் மூச்சுவிட வேண்டும். சாமந்தி மாலையில் எறும்பு இருக்கும். அது கழுத்தில் ஊர்ந்து காதுக்குள் போகும்போது மனைவியாக நடிப்பவள் “என்ன விட்டுட்டுப் போயிட்டீங்களே” என்று மேலே விழுவாள். அவள் வளையல் விலாவில் குத்தும். கண்ணிமைகூட ஆடக் கூடாது. காசிநாதனுக்கு எதுவும் ஆடியதில்லை.

இந்தத் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. பிணமாக நடித்தவரை அப்படியே எழுப்பி வீட்டுக்கு அனுப்ப மாட்டார்கள். பஞ்சை எடுத்து, மாலையைக் கழற்றிவிட்டு, கேமராவைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரிக்கச் சொல்வார்கள். அதையும் ஒரு ஷாட்டாக எடுத்து வைப்பார்கள். அது எங்கேயும் வராது. செத்தது பொய், ஆள் உயிரோடு இருக்கிறான் என்று கேமராவுக்கே சொல்லிவிடுகிறார்களாம். சிரிக்காமல் போனால் தோஷம் ஆளோடு போகும் என்று பயப்படுவார்கள்.

ராஜாம்பாள் கல்யாணத்துக்குப் பிறகு அவர் நடித்த எதையும் பார்த்ததில்லை. சீரியலில் மங்களம் கிடையாதே, செத்தவர் எழுந்து கும்பிட மாட்டாரே என்று அவளுக்கு நடுக்கம். இந்தச் சிரிப்புப் பழக்கத்தை அவர் சொன்ன பிறகுதான் கொஞ்சம் ஆறுதல். ஷூட்டிங் முடியும் நேரம் பார்த்துப் போன் அடிப்பாள். நலம் விசாரிக்க மாட்டாள், சாப்பாடு பற்றிக் கேட்க மாட்டாள்.

“யோவ், சிரிச்சியா?”

“சிரிச்சிட்டேன் ராஜாம்பா.”

“சரி, வை.”

குடும்பம் இதற்குள் கருணாபுரத்தில் ஒரு வாடகை வீட்டுக்கு வந்துவிட்டிருந்தது. அவள் சித்தாள் வேலைக்குப் போனாள். ஒரே மகன் இளமாறன் பெயிண்டர். கெட்டிக்காரப் பையன். என் கடை ஷட்டருக்குப் பச்சை அடித்தது அவன்தான். சாயங்காலம் உடம்பு வலிக்கு ஒரு பாக்கெட் சாராயம் குடிப்பான். அந்தத் தெருவில் வேலைக்குப் போகிற முக்கால்வாசிப் பேர் அப்படித்தான்.

இரண்டாயிரத்து இருபத்து நான்கு ஜூனில் விஷச் சாராயத்தால் அந்தத் தெருவுக்கு வந்த சாவு எல்லோருக்கும் தெரியும். இளமாறனும் அதில் போனான். விஷயம் தெரியாமல் அப்பா சென்னையில் மாலைக்குள் படுத்திருந்தார். போன் காஸ்ட்யூம்காரர் பையில் இருந்தது. ராஜாம்பாள் அடித்து அடித்து ஓய்ந்து போனாள். ஷாட் முடிந்து, எழுந்து, கேமராவைப் பார்த்துச் சிரித்துவிட்டுத்தான் போனை வாங்கிப் பார்த்திருக்கிறார்.

வந்து சேர்ந்தபோது காது மடலில் பவுடர் அப்படியே இருந்தது. தெரு நெடுகப் பந்தல், தெரு நெடுகக் கேமரா. மகன் முன்னால் போய் நின்றவரை ஒரு டிவிக்காரன் கண்டுபிடித்துவிட்டான். “சார், நீங்க நடிகர்தானே? ரெண்டு வார்த்தை பேசுங்க சார்” என்று மைக்கை நீட்டினான். பின்னால் யாரோ “அட, சீரியல்ல சாவுறவரு” என்றார்கள். நான் அந்த மைக்கைத் தட்டிவிட்டேன். இன்னும் பலமாகத் தட்டியிருக்கலாம். காசிநாதன் கை கட்டியபடி நின்றார், அவ்வளவுதான். ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை.

“அழுதா நடிக்கிறேன்னு சொல்லுவாங்க தம்பி. அந்த நெனப்பு வந்துச்சி. வந்தப்புறம் உள்ள எல்லாம் பூட்டிக்கிச்சி” என்று பின்னால் என்னிடம் சொன்னார். ராஜாம்பாளிடம் அதைச் சொல்ல முடியவில்லை. அவள் பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் கேட்டாள்.

“ஊரான் வூட்டு சாவுக்கெல்லாம் மேடையில அழுத. எம்புள்ளைக்கு ஒரு சொட்டு வர்லயாய்யா உனக்கு?”

அவர் எழுந்து வந்து என் கடையில் உட்கார்ந்துகொண்டார். அவர்மேல் எனக்கு அன்று கோபம்தான் வந்தது. வாயைத் திறந்து சொன்னால் என்ன என்று கத்தினேன். அதன்பிறகு அவள் பேச வேண்டியதை மட்டும் பேசினாள். அவர் ஷூட்டிங் போனால் போன் மட்டும் அடிப்பாள். சிரிச்சியா, சிரிச்சேன். மகனை இழந்தவளுக்குப் புருஷனை இழக்கத் தைரியமில்லை.

மறு வருஷம் கல்வராயன் மலைக்கு ஒரு படக் கம்பெனி வந்தது. அன்புச்செல்வன் என்று ஒரு இளம் டைரக்டர், முதல் படம். சாராயத்தில் மகனைப் பறிகொடுத்த ஒரு அப்பா வேஷம் காசிநாதனுக்கு. தாடையில் கட்டு இல்லாமல், வாய்திறந்து பேசுகிற வேஷம். வெள்ளிமலைப் பக்கம் குடிசை செட் போட்டிருந்தார்கள். கடையை அடைத்துவிட்டு நானும் பைக்கில் ஏறிப் போனேன்.

“ஐயா, இந்த சீனுக்கு நான் டயலாக் எழுதல. உங்களுக்கு வர்றதைப் பேசுங்க” என்றார் டைரக்டர். அந்தப் பையனை அப்போது எனக்குப் பிடித்திருந்தது.

காசிநாதன் குடிசை வாசலில் குந்தினார். கொஞ்ச நேரம் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தார். பிறகு எதிரில் இருந்த கதாநாயகனைப் பார்க்காமல் பேசினார்.

“கண்ணு தெரியலம்மான்னு சொன்னானாம். இருட்டாயிடுச்சின்னு நெனச்சி அவ போயி லைட்டப் போட்டாளாம். லைட்டு ஏற்கெனவே எரிஞ்சிக்கினுதான் இருந்துச்சாம். அவ அணைச்சிட்டு மறுபடியும் போட்டாளாம். இப்பத் தெரியுதாடான்னு கேட்டாளாம். நான் அங்க இல்லப்பா. நான் இருந்திருந்தா எனக்கும் அதுதான் செய்யத் தெரிஞ்சிருக்கும்.”

அதற்கப்புறம் அழுதார். பூட்டியிருந்ததெல்லாம் திறந்துகொண்டது. மார்பில் அடித்துக்கொள்ளவில்லை, கத்தவில்லை. மூக்கு ஒழுகியது, துடைக்கவில்லை. கட் சொல்ல வேண்டிய டைரக்டரே மறந்துபோய் நின்றார். வேடிக்கை பார்க்க வந்த மலைக்காரப் பெண்கள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார்கள். நானும் அழுதேன், இதில் வெட்கமென்ன.

மறுநாள் அந்த அப்பா சாகிற காட்சி. பழகிய வேலை. முடிந்ததும் எழுப்பி உட்காரவைத்துச் சிரிக்கச் சொன்னார்கள். எத்தனையோ முறை அவர் அந்தச் சிரிப்பைச் சிரித்திருக்கிறார். ஆனால் அன்று சிரித்தது வேறு. பாரம் இறங்கிய மனுஷன் சிரித்தார். பல் தெரிய, கண் சுருங்க, அவ்வளவு அழகாக இருந்தது.

கீழே இறங்கி வந்ததும் மனைவியிடம் சொன்னார். “அழுதுட்டேன் ராஜாம்பா. அவனுக்கு அழுதுட்டேன்.”

“வூட்ல அழாம மலையில போயி அழுதியாக்கும்.”

“படத்துல வரும். நீயே பாரு.”

“வரேன்” என்றாள். அவர் நடிப்பை இதுவரை திரையில் பார்க்காதவள் வருகிறேன் என்று சொன்னதை என் கடைக்கு ஓடிவந்து சொன்னார். அந்த வயதில் ஓடினால் மூச்சு வாங்கும் என்றுகூட யோசிக்கவில்லை.

மாதங்கள் போயின. டப்பிங்குக்கு அவரைக் கூப்பிடவே இல்லை. நான் கேட்டதற்கு, “இது லைவ் சவுண்டு தம்பி. டைரக்டரே சொன்னாரு. அந்த எடத்துலயே என் கொரல எடுத்துட்டாங்க. மொத மொறையா என் கொரல்லயே பேசப் போறேன்” என்றார். அத்தனை வருஷம் தொழிலில் இருந்தவர். லைவ் சவுண்டு என்றாலும் காட்சி படத்தில் இருந்தால் ஒரு சின்னத் திருத்தத்துக்காவது கூப்பிடுவார்கள் என்று அவருக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்ததை நம்ப விருப்பமில்லை. அவ்வளவுதான்.

ரிலீஸுக்கு நானே ஒரு ஃப்ளெக்ஸ் அடித்துத் தியேட்டர் வாசலில் கட்டினேன். ‘கருணாபுரம் காசிநாதன் நடிக்கும்’ என்று பெரிய எழுத்து, கீழே பொடியாகக் கதாநாயகன் பெயர். ரசிகர் மன்றத்துப் பையன்கள் சண்டைக்கு வந்தார்கள். ஒரு நாளைக்கு மட்டும் இருந்துவிட்டுப் போகட்டும் என்று சமாதானம் பேசினேன். தெருவிலிருந்து ஒரு கூட்டமே வந்தது. பிள்ளையை, புருஷனைப் பறிகொடுத்த பெண்களும் வந்திருந்தார்கள். ராஜாம்பாள் நல்ல புடவை கட்டிக்கொண்டு காசிநாதனுக்கும் எனக்கும் நடுவில் உட்கார்ந்தாள்.

இடைவேளை வரைக்கும் அவர் திரையில் வரவில்லை. “அழுவுறது எப்பய்யா?” என்று கேட்டாள். “ரெண்டாவது பாதியில வரும்” என்றார். அவர் கை சீட்டின் பிடியை விடவே இல்லை.

இரண்டாவது பாதியில் கதாநாயகன் அந்தக் குடிசைக்குள் குனிந்து நுழைந்தான். வாசலில் அப்பா இல்லை. சுவரில் ஒரு போட்டோ. சாமந்தி மாலை, பொட்டு, பக்கத்தில் சின்ன விளக்கு. மாலைக்குள் காசிநாதன் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார். மலையில் அன்று சிரித்த அதே சிரிப்பு. கதாநாயகன் அதைப் பார்த்து முஷ்டியை மடக்கினான். பாட்டு ஆரம்பித்தது. தியேட்டரில் விசில்.

அப்பா இறந்துபோனதை வசனத்தில் யாரோ சொல்லிவிட்டுப் போனார்கள். அழுகையும் இல்லை, சாவும் இல்லை. தூக்கி எறிய வேண்டிய சிரிப்பை மட்டும் வைத்துக்கொண்டு ஆளை வெட்டிவிட்டார்கள்.

படம் முடிந்தது. தெருக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் கிளம்பினார்கள். ராஜாம்பாள் எழவில்லை. திரையில் பெயர்கள் ஓடி முடிந்தன, விளக்குப் போட்டார்கள், துடைப்பத்தோடு ஆள் வந்துவிட்டார். அவள் வெள்ளைத் திரையைப் பார்த்தபடியே இருந்தாள். அந்தக் காலத்து மங்களத்துக்குக் காத்திருக்கிறாள் என்று எனக்குப் புரிந்தது.

கடைசியில் அவர் பக்கம் திரும்பினாள். சத்தம் போடவில்லை.

“எம்புள்ள செத்ததுக்கு அழுதேன்னு சொன்ன. சிரிச்சிக்கினு இருக்கியேய்யா.”

நான் அன்புச்செல்வனுக்குப் போன் போட்டேன். எடுத்தார், அதுவரைக்கும் நல்லது. “அண்ணே, நல்ல சீன்தாண்ணே. ஆனா படத்தோட வேகத்தை இழுக்குதுன்னு எடிட்டிங்ல எடுத்துட்டோம். சுவத்துல மாட்ட ஐயா போட்டோ தனியா எடுக்க மறந்துட்டோம். அந்தச் சிரிப்பு ஷாட்லருந்து ஒண்ணு எடுத்துக்கிட்டோம். ரொம்ப உயிரோட்டமா வந்திருக்குல்ல?” என்றார். நான் சொன்ன வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. அந்த அழுகையையாவது அனுப்பு, ஒரு அம்மா பார்க்கணும் என்று கடைசியில் கெஞ்சினேன். கேட்டுப் பார்க்கிறேன் என்றார். இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார் போல.

தோஷம் போக்கும் சிரிப்புக்கே மாலை போட்டுவிட்டார்கள். அதற்குப் பிறகு ராஜாம்பாள் போன் அடிப்பதை நிறுத்திவிட்டாள்.

போன ஆவணியில் வெற்றிவேல் மறுபடியும் கூப்பிட்டான். சீரியல், பெரிய வீடு, தாத்தா சாவு. காசிநாதன் போய்ப் படுத்தார். ஷாட் முடிந்ததும் உதவி டைரக்டர் வந்து, “ஐயா, எழுந்து ஒரு சிரிப்பு” என்றான். இவர் எழுந்து உட்கார்ந்தார். சிரிப்பு வரவில்லை. மறுபடி கேட்டான். “வேணாம் தம்பி, எனக்கு வேணாம்” என்று மாலையைத் தானே கழற்றி வைத்தார். மொத்த யூனிட்டும் வெலவெலத்துப் போனது. கதாநாயகியின் அம்மா அவளை வெளியே கூட்டிக்கொண்டு போனாள். தயாரிப்பாளர் ஆள் அனுப்பிப் பூசணிக்காய் வாங்கி வந்து உடைத்தார். வெற்றிவேல், “உன்னால யூனிட்டுக்கே கெட்டது வந்துடும்யா, கெளம்பு” என்றான். அன்றோடு சரி. செய்தி எல்லா மேனேஜருக்கும் போய்விட்டது. இப்போது காசிநாதன் பிணமாகக்கூட யாருக்கும் வேண்டாம். காலையில் வந்து என் கடையில் உட்காருகிறார், பசை டப்பாவைக் கழுவி வைக்கிறார்.

அன்றைக்கு நடந்த இன்னொன்றை வெகுநாள் கழித்துத்தான் சொன்னார். அந்த வீட்டின் பின்பக்கம், ஜெனரேட்டர் வண்டிக்கு அப்பால் ஒரு படிக்கட்டு இருந்ததாம். அதில் போய் உட்கார்ந்து அவரே ராஜாம்பாளுக்குப் போன் போட்டிருக்கிறார்.

“ராஜாம்பா, இன்னைக்கு நான் சிரிக்கல” என்றாராம்.

லைட்டை அணைத்து அணைத்துப் போட்டவளின் மூச்சு மட்டும் போனில் கேட்டது. அப்போது உடைந்தார். மலையில் வந்த அதே அழுகை, அதைவிடப் பெரிதாக வந்தது. இளமாறா, இளமாறா என்று பெயர் சொல்லி அழுதார். சுற்றி ஓர் ஆள் இல்லை. அவள் போனை வைக்கவில்லை, கேட்டுக்கொண்டே இருந்தாள். அவளும் அழுகிறாள் என்றுதான் அவர் நினைத்தார்.

அவர் ஓய்ந்த பிறகு அவள் தணிந்த குரலில் கேட்டாள்.

“ஏன்யா, பக்கத்துல கேமரா வச்சிக்கினு இருக்காங்களா?”

“இல்ல ராஜாம்பா. யாருமே இல்ல. நான் மட்டுந்தான்.”

“சரி சரி. முடிச்சிட்டு வா” என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.